ஹைலூரோனிக் அமிலம்: முகத்தில் பூசும் சீரம் சருமத்துக்கு நீர் தருவது எப்படி?

சுபாங் ஜெயாவில் எஸ்எஸ்15 பக்கமோ சன்வே பிரமிட் பேரங்காடியிலோ ஏதாவது ஒரு பார்மசிக்குள் நுழைந்து பாருங்கள். முகப் பராமரிப்புப் பொருள்கள் இருக்கும் அடுக்கில் ஒரு பெயர் திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: ஹைலூரோனிக் ஆசிட். சீரம், டோனர், கிரீம், ஷீட் மாஸ்க், உதட்டுக்குப் பூசும் பாம் என்று எல்லாவற்றிலும் இருக்கிறது. 20 ரிங்கிட்டுக்கும் கிடைக்கிறது, 200 ரிங்கிட்டுக்கும் கிடைக்கிறது.

விநோதம் என்னவென்றால், கடையை விட்டு வெளியே வந்து இரண்டு நிமிடம் நின்றாலே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் ஊர் இது. மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில், நாட்டின் மாதச் சராசரி ஈரப்பதம் 70 முதல் 90 சதவீதம். இவ்வளவு ஈரக் காற்றில் வாழ்பவருக்கு "தோலுக்கு நீர் தரும்" பாட்டில் எதற்கு? அது உண்மையிலேயே நீர் தருகிறதா? தருகிறது என்றால், எங்கிருந்து எடுத்து எங்கே தருகிறது?

ஆசிட்னா முகம் எரியாதா?

எரியாது. பெயரில்தான் அமிலம். முகத்தை உரித்துப் புதுப்பிக்கும் கிளைக்காலிக், சாலிசிலிக் அமிலங்களுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இது ஒரு நீண்ட சர்க்கரைச் சங்கிலி. குளுகுரோனிக் அமிலம், அசிட்டைல் குளுகோசமைன் என்ற இரண்டு சிறு கண்ணிகள் மாறி மாறி, ஆயிரக்கணக்கில் கோத்த மாலை போன்றது.

நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயர், ஜான் பாமர் என்ற இருவர் 1934-ல் இதை முதலில் பிரித்தெடுத்தார்கள். எடுத்த இடம் மாட்டுக் கண்ணின் உள்ளே இருக்கும் ஜெல்லி போன்ற பகுதி. கிரேக்க மொழியில் 'ஹையலோஸ்' என்றால் கண்ணாடி. கண்ணாடி போலத் தெளிவாக இருந்ததால் அந்தப் பெயர்.

கண்ணில் மட்டும் அல்ல, மூட்டுகளுக்கு இடையே வழுக்கலாக இருக்கும் திரவத்திலும், தொப்புள் கொடியிலும், தோலிலும் இது இருக்கிறது. 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் சுமார் 15 கிராம் ஹைலூரோனிக் அமிலம் இருக்கும் என்றும், அதில் ஏறக்குறைய பாதி தோலில் இருக்கும் என்றும் ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். இருப்பு அப்படியே கிடப்பதில்லை. ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சிதைந்து, அந்த இடத்தில் புதிதாக உற்பத்தியாகிறது. உங்கள் தோலே ஓயாமல் இதைத் தயாரிக்கும் ஆலை என்று வைத்துக்கொள்ளுங்கள். வயதாக ஆக, வெயில் பட பட, அந்த ஆலையின் வேகம் குறைகிறது.

தண்ணியை எப்படிப் பிடிச்சு வைக்குது?

சங்கிலியின் ஒவ்வொரு இரண்டாவது கண்ணியிலும் எதிர்மின்னேற்றம் கொண்ட ஒரு பகுதி இருக்கிறது. ஒரே மின்னேற்றம் ஒன்றையொன்று தள்ளும். அதனால் சங்கிலி சுருண்டு உருண்டையாகிவிடாமல், அவிழ்த்துப் போட்ட நூல்கண்டு மாதிரி விரிந்தே கிடக்கிறது. கூடவே, சங்கிலி நெடுக நீர் மூலக்கூறுகள் வந்து ஒட்டிக்கொள்ள வசதியான இடங்களும் உண்டு. விரிந்து கிடக்கும் நூல்கண்டின் இடுக்குகளில் நீர் தங்குகிறது. பல சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும்போது அந்தத் திரவம் கூழ் பதத்துக்கு வருகிறது. சீரம் விரலில் வழவழவென்று இருப்பதற்கு இதுதான் காரணம்.

இதை முகத்தில் தடவும்போது நடப்பது மிக எளிய விஷயம். தோலின் மேல் ஒரு மெல்லிய ஈரப் படலம் உருவாகிறது. தோலின் வெளி அடுக்கு உண்மையில் இறந்த செல்களால் ஆனது. ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவான தடிமன். அந்த அடுக்கில் நீர் சுமார் 10 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் தோல் விறைத்து, செதிலாகி, வெடிக்கத் தொடங்கும். நம் மாதிரி மாநிறத் தோலில் அது சாம்பல் பூத்தது போலத் தெரியும். விரல் நகத்தால் கீறினால் வெள்ளைக் கோடு விழுமே, அதேதான்.

ஈரப் படலம் பட்டதும் அந்த இறந்த செல்கள் நீரை உறிஞ்சிக் கொஞ்சம் உப்புகின்றன. காய்ந்த வெந்தயம் ஊறுவது போல. செல்கள் உப்பினால் மெல்லிய கோடுகள் நிரவப்படுகின்றன. மேற்பரப்பு சமமாவதால் வெளிச்சம் சீராகத் திரும்பி வருகிறது. முகம் பளிச்சென்று தெரிகிறது. விளம்பரத்தில் வரும் 'குளோ' என்பதில் பெரும்பங்கு இதுதான். சில மணி நேரம் இருக்கும். முகம் கழுவினால் போய்விடும்.

தோலை மிருதுவாக்குவது எண்ணெய்ப் பசை அல்ல, நீர்தான் என்பதைத் தோல் ஆய்வாளர் இர்வின் பிளாங்க் 1952-லேயே காட்டிவிட்டார். காய்ப்பேறிய தோல் துண்டுகளை எண்ணெயிலும் வாசலினிலும் வைத்துப் பார்த்தார், விறைப்பு போகவில்லை. நீர் ஏறியபோதுதான் வளைந்து கொடுத்தது. இந்தச் செய்தி கொஞ்சம் கீழே தேங்காய் எண்ணெய் பற்றிப் பேசும்போது மறுபடி வரும்.

"தன் எடையைப் போல் ஆயிரம் மடங்கு நீர்" உண்மையா?

பாட்டில் அட்டைகளிலும் இன்ஸ்டாகிராமிலும் அதிகம் சொல்லப்படும் வாக்கியம் இது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

1 சதவீத ஹைலூரோனிக் அமிலம் உள்ள 30 மில்லிலிட்டர் சீரம் என்றால், முழு பாட்டிலிலும் இருப்பது 0.3 கிராம். ஒரு தடவை அரை மில்லிலிட்டர் பூசுகிறீர்கள் என்றால், முகத்துக்கு வருவது 5 மில்லிகிராம். ஆயிரம் மடங்கு என்றால் 5 கிராம் நீர், அதாவது ஒரு டீஸ்பூன். அரை மில்லிலிட்டர் சீரத்தைத் தடவியதும் முகத்தில் ஒரு டீஸ்பூன் தண்ணீர் சேர்ந்திருக்க வேண்டும். அப்படிச் சேர்ந்து தாடை வழியாகச் சொட்டியதாக யாரும் சொன்னதில்லை.

அந்த எண் முழுப் பொய்யும் அல்ல. நிறைய நீரில் கரைந்திருக்கும்போது, விரிந்து கிடக்கும் ஒரு பெரிய மூலக்கூறு ஆக்கிரமிக்கும் இடத்துக்குள் அதன் எடையைப் போல் ஆயிரம் மடங்கு நீர் இருக்கக்கூடும். ஆனால் வலைக்குள் இருக்கும் அந்த நீரில் பெரும்பகுதி சுதந்திரமான நீர். காற்றில் ஆவியாகத் தடை ஏதுமில்லை. மூலக்கூறு உண்மையில் இறுக்கிப் பிடித்து வைப்பது அதில் சிறு பங்குதான். உலர்ந்த தூள் காற்றிலிருந்து ஆயிரம் மடங்கு நீரை உறிஞ்சும் என்று யாராவது சொன்னால், அது வியாபாரப் பேச்சு.

தோலுக்குள்ள போகுமா?

இங்கேதான் விலை வித்தியாசமும் குழப்பமும் தொடங்குகின்றன. தோல் வழியாக உள்ளே செல்ல, ஒரு மூலக்கூறின் எடை 500 டால்டனுக்குள் இருக்க வேண்டும் என்பது தோல் மருத்துவத்தில் 2000-ஆம் ஆண்டிலிருந்து பேசப்படும் ஒரு தோராய விதி. சாதாரண ஹைலூரோனிக் அமிலத்தின் எடை பத்து லட்சம் டால்டன், அதற்கும் மேல். குளோசெட் ஜன்னல் வழியாகப் பேருந்தை உள்ளே தள்ளப் பார்ப்பது போன்ற கதை.

அதனால் நிறுவனங்கள் சங்கிலியைத் துண்டாக்கி, சிறிய அளவுகளில் தருகின்றன. 'ஹைட்ரோலைஸ்டு' என்று அட்டையில் எழுதியிருந்தால் அது துண்டாக்கப்பட்டது. 'சோடியம் ஹைலூரோனேட்' என்பது அதன் உப்பு வடிவம். கடையில் கிடைப்பதில் பெரும்பாலானவை இதுதான், இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை.

2016-ல் வெளியான ஓர் ஆய்வில், 20,000 முதல் 3,00,000 டால்டன் வரையிலான துண்டுகள் தோலின் வெளி அடுக்கைக் கடந்தன. பத்து லட்சத்துக்கு மேற்பட்டவை கடக்கவில்லை. 2011-ல் வெளியான இன்னோர் ஆய்வில் 76 பெண்கள் 60 நாள்கள் 0.1 சதவீத கிரீமைப் பயன்படுத்தினார்கள். ஐந்து வெவ்வேறு மூலக்கூறு அளவுகள் சோதிக்கப்பட்டன. தோலின் ஈரமும் நெகிழ்வும் ஐந்திலுமே கூடின. சுருக்கத்தின் ஆழம் குறைந்தது மிகச் சிறிய இரண்டு அளவுகளில் மட்டும்.

இதிலிருந்து வாங்குபவர் கவனிக்க வேண்டியது இரண்டு. ஈரத்துக்காக என்றால் விலை கூடிய 'மல்டி மாலிக்யூல்' சீரம்தான் வேண்டும் என்று இல்லை, 0.1 சதவீதமே வேலை செய்திருக்கிறது. இன்னொன்று, உங்கள் தோல் தானே தயாரிக்கும் ஹைலூரோனிக் அமிலத்தில் பெரும்பகுதி கீழே, உள்தோலில் இருக்கிறது. வெளியே பூசுவது அங்கே போய்ச் சேர்ந்து, வயதால் குறைந்ததை ஈடுகட்டும் என்று எதிர்பார்க்க முடியாது. சிறிய துண்டுகள் சிலருக்கு எரிச்சல் தருவதும் உண்டு. ஆய்வகத்தில், இந்தச் சிறு துண்டுகளைச் செல்கள் காயத்தின் அறிகுறியாக எடுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறார்கள்.

சுபாங்ல இருக்கறவங்களுக்கு இது தேவையா?

வெயிலில் வேலை செய்து, மின்விசிறியின் கீழே தூங்கும் ஒருவருக்கு அநேகமாகத் தேவையில்லை. ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கில் பலருடைய நாள் வேறு மாதிரி போகிறது. காலையில் காரில் ஏர்கோன், எல்ஆர்டியில் ஏர்கோன், எட்டு ஒன்பது மணி நேரம் அலுவலகத்தில் ஏர்கோன், மாலையில் பேரங்காடி, இரவில் படுக்கையறை. ஏர்கோன் குளிர்விக்கும்போது காற்றிலிருந்து நீரையும் பிழிந்து எடுக்கிறது. பின்பக்கக் குழாயில் சொட்டுவது அந்த நீர்தான்.

வெளிநாட்டு வீடியோக்களில் ஓர் எச்சரிக்கை வரும்: "காற்று வறண்டிருந்தால் ஹைலூரோனிக் அமிலம் தோலின் ஆழத்திலிருந்தே நீரை உறிஞ்சி, இன்னும் வறட்சியாக்கிவிடும்." குளிர்காலத்தில் ஹீட்டர் போட்ட அறைகளை மனத்தில் வைத்துச் சொல்வது அது. நம் அலுவலகங்களுக்கு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையின் 2010-ஆம் ஆண்டு உட்புறக் காற்றுத் தர விதிகள் 23 முதல் 26 டிகிரி வெப்பமும், 40 முதல் 70 சதவீத ஈரப்பதமும் பரிந்துரைக்கின்றன. அந்த அளவில் இருக்கும் அறையில் அப்படிப் பயப்பட வேண்டியதில்லை. 18 டிகிரியில் வைத்து, நேராக முகத்தில் அடிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தால் அது தனிக் கதை.

எப்படிப் பூசுவது என்பதில் பெரிய ரகசியம் இல்லை. முகம் கழுவி, முழுக்கத் துடைக்காமல், ஈரம் இருக்கும்போதே பூசுங்கள். காய்வதற்குள் மேலே சாதாரண மாய்ஸ்சரைசர் ஒன்றைத் தடவுங்கள். காலை என்றால் அதற்கும் மேலே சன்ஸ்கிரீன். எண்ணெய் வழியும் முகத்துக்கு, கனமான கிரீமைவிட இந்தச் சீரம் இதமாக இருக்கும். நம் ஊரில் இது இவ்வளவு விற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்போ பாட்டியோட தேங்காய் எண்ணெய்?

ஈரம் காப்பதில் மூன்று வேலைகள் இருக்கின்றன. நீரை ஈர்த்துப் பிடிப்பது ஒன்று. ஹைலூரோனிக் அமிலம், கிளிசரின், யூரியா எல்லாம் இந்த வகை. செல்களுக்கு இடையே உள்ள பிளவை நிரப்பி வழவழப்பாக்குவது இன்னொன்று. பிடித்த நீர் ஆவியாகாமல் மேலே மூடி போடுவது மூன்றாவது. தேங்காய் எண்ணெய் பின்னிரண்டையும் செய்யும், முதல் வேலையைச் செய்யாது. இர்வின் பிளாங்க் கண்டது இதைத்தான். வறண்ட தோலில் எண்ணெய் மட்டும் தடவினால் பளபளப்பு வரும், உள்ளே விறைப்பு உடனே போகாது. குளித்த ஈரத்தோடு தடவினால் பலன் வேறு.

பிலிப்பைன்ஸில் 34 நோயாளிகளிடம் நடத்தி 2004-ல் வெளியிட்ட ஆய்வில், தோல் வறட்சிக்குத் தேங்காய் எண்ணெயும் மருத்துவத் தரக் கனிம எண்ணெயும் ஒரே அளவில் பலன் தந்தன. கை, காலுக்கு அது போதும். முகப்பரு வரக்கூடியவர்கள் முகத்தில் தடவாமல் இருப்பது நல்லது.

கிளிசரினை யாரும் பெருமையாகப் பேசுவதில்லை, மலிவாகக் கிடைக்கிறதே! ஆனால் அதன் மூலக்கூறு எடை 92 டால்டன்தான். தாராளமாக உள்ளே போகும். பல 'ஹைலூரோனிக்' பொருள்களின் மூலப்பொருள் பட்டியலில் நீருக்கு அடுத்து இருப்பது கிளிசரின்தான். ஈரம் தருவதில் பாதிப் பெயர் அதற்குச் சேர வேண்டியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியர்களில் 18 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 31 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருந்தது. நீரிழிவு உள்ளவர்களுக்குக் கால் தோல் வறண்டு, குதிகால் வெடிப்பது சாதாரணம். அந்த வெடிப்பு புண்ணாகிக் கிருமி ஏறினால் விரலையே இழக்கும் நிலை வரலாம். வீட்டில் அப்பா, அம்மாவுக்கு அப்படி இருந்தால், முகச் சீரத்தை எடுத்துக் காலில் தடவிப் பார்க்க வேண்டாம். யூரியா கலந்த கால் கிரீம் பார்மசியில் கிடைக்கும். விரல் இடுக்கில் மட்டும் பூசக்கூடாது. வெடிப்பில் ரத்தமோ சீழோ தெரிந்தால் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்.

அட்டையில் எதைப் பார்க்கணும்?

மலேசியாவில் விற்கும் ஒவ்வோர் அழகுசாதனப் பொருளும் சுகாதார அமைச்சின் கீழ் உள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனமான என்பிஆர்ஏ-விடம் அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். அறிவிப்பு எண் 'என், ஓ, டி' என்ற மூன்று எழுத்துகளில் தொடங்கி, எண்கள் வந்து, 'கே' என்ற எழுத்தில் முடியும். என்பிஆர்ஏ இணையத்தளத்தில் அந்த எண்ணையோ பெயரையோ போட்டுத் தேடலாம்.

ஆனால் இது அனுமதி முத்திரை அல்ல, அறிவிப்பு மட்டுமே. பொருள் சந்தைக்கு வந்த பிறகுதான் மாதிரிகள் எடுத்துச் சோதிக்கப்படுகின்றன. அப்படிச் சோதித்து, பாதரசம், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் கலந்த பொருள்களின் அறிவிப்பை என்பிஆர்ஏ ரத்து செய்து அவ்வப்போது பட்டியல் வெளியிடுகிறது. அவற்றில் நிறையப் பொருள்கள் சிவப்பழகு கிரீம்கள். பாதரசம் தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தையும் நரம்பு மண்டலத்தையும் கெடுக்கும். பூசியவர் மட்டுமல்ல, அவர் கன்னத்தோடு கன்னம் வைக்கும் குழந்தையும் பாதிக்கப்படலாம்.

இதை இங்கே சொல்லக் காரணம், ஹைலூரோனிக் அமிலம் என்ற பெயரை ஒட்டிக்கொண்டு "ஒரே வாரத்தில் வெள்ளையாகலாம்" என்று விற்கும் பொருள்கள் ஆன்லைனில் உலவுவதுதான். ஹைலூரோனிக் அமிலம் நிறத்தை மாற்றாது. ஒரு வாரத்தில் நிறம் மாறினால், அதற்குள் வேறு ஏதோ இருக்கிறது. 1984-ஆம் ஆண்டு மருந்து, அழகுசாதனப் பொருள் கட்டுப்பாட்டு விதிகளை மீறி விற்கும் தனிநபருக்கு, முதல் குற்றத்துக்கு 25,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம்.

'2 சதவீதம்' என்று பெரிதாகப் போட்டிருந்தாலும் மயங்க வேண்டாம். உண்மையான பெரிய மூலக்கூறு 2 சதவீதம் இருந்தால், அது பிழிய முடியாத கூழாக இருக்கும். பல சமயம் அது 1 சதவீதக் கரைசலில் 2 சதவீதம் சேர்த்த கணக்கு. உள்ளே இருப்பது 0.02 சதவீதம்.

சைவமா, ஹலாலா?

ஒரு காலத்தில் இது சேவல் கொண்டையிலிருந்து எடுக்கப்பட்டது. கண் அறுவைச் சிகிச்சையில் பயன்படுத்தும் அளவுக்கு அதைத் தூய்மையாக்கியவர் ஹங்கேரியில் பிறந்த எண்ட்ரே பாலாஸ். 1980-களிலிருந்து பாக்டீரியாவை நொதிக்க வைத்துத் தயாரிக்கும் முறை பரவியது. இன்று அழகுசாதனத்துக்கு வருவதில் பெரும்பகுதி அப்படித்தான் தயாராகிறது. அதிலும் சீனாவின் ஷாண்டோங் மாநிலத்து ஆலைகளின் பங்கு மிகப் பெரியது. பாக்டீரியாவுக்குப் போடும் தீனியில் விலங்குப் பொருள் இருக்கவும் வாய்ப்பு உண்டு. ஆகவே சைவம் பார்ப்பவர்கள் 'வீகன்' குறியையும், முஸ்லிம் வாசகர்கள் ஜாக்கிம் ஹலால் முத்திரையையும் பார்த்து வாங்குவதே சுலபம்.

ஊசியாகப் போட்டால்?

'ஃபில்லர்' என்று சொல்லப்படுவதும் இதே பொருள்தான், ஆனால் வேறு பிறவி. உடலில் இயற்கையாக இருப்பது ஓரிரு நாளில் கரைந்துவிடும் என்பதால், சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்து, ஆறு மாதம் முதல் ஒன்றரை ஆண்டு வரை நிற்கும்படி செய்கிறார்கள். தோலுக்குள் நேராக ஏற்றுவதால், கிரீம் செய்யாததை இது செய்யும்: கன்னம் நிரம்பும், உதடு தடிக்கும்.

ஆபத்தும் அங்கேதான். ஊசி தவறி ரத்தக் குழாய்க்குள் போனால், அந்தக் கூழ் அடைப்பாகிவிடும். மூக்கு, புருவங்களுக்கு நடுவிலான பகுதி போன்ற இடங்களில் உள்ள குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாய்களோடு தொடர்புடையவை. பார்வை நிரந்தரமாகப் போன சம்பவங்கள் உலக மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

மலேசியாவில் பதிவுபெற்ற மருத்துவர், அதிலும் அழகியல் சிகிச்சைக்கான எல்சிபி சான்று பெற்றவர் மட்டுமே, பதிவுபெற்ற கிளினிக்கில் ஃபில்லர் போடலாம். அழகு நிலையம், ஹோட்டல் அறை, வீட்டுக்கு வந்து போடும் 'ஃப்ரீலான்ஸ் டாக்டர்' எல்லாம் சட்டத்துக்குப் புறம்பு. விலை பாதியாக இருக்கும். ஆனால் அடைப்பு ஏற்பட்டால் கரைக்கும் மருந்தான ஹைலூரோனிடேஸ் அங்கே இருக்கும் என்று நம்ப முடியாது.

ஊசி போட்ட சற்று நேரத்திலோ அடுத்த நாளிலோ கடுமையான வலி, தோல் வெளுத்துப் போதல், வலை போன்ற நீலத் திட்டுகள் தெரிந்தால் காத்திருக்காதீர்கள். ஐஸ் வைத்துப் பார்ப்போம் என்றும் இருந்துவிடாதீர்கள். பார்வை மங்கினால் நிமிடங்கள்தான் கையில் இருக்கும். 999-ஐ அழையுங்கள், அல்லது பக்கத்தில் உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். முடிந்தால் ஃபில்லர் வந்த பெட்டியையும் எடுத்துச் செல்லுங்கள். உள்ளே ஏற்றியது ஹைலூரோனிக் அமிலம்தானா, வேறு ஏதாவதா என்று மருத்துவர் முதலில் அதைத்தான் கேட்பார்.